புறாமலைக் கடலுக்கு எந்த ட்ரான்ஸ்மிற்றர்? பற்றரியை வைத்து ஓர் ஒப்பீடு

சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும் ட்ரான்ஸ்மிற்றர் வாங்க நினைக்கிற சுழியோடிகள் வழக்கமாக இரண்டு கேள்விதான் கேட்பார்கள். என்ன விலை? பற்றரி எத்தனை மணி தாங்கும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. திருகோணமலையில் தொழில் செய்பவருக்கு அதுதான் முதல் கேள்வி: இன்று பின்னேரம் பற்றரி முடிந்தால், நாளைக் காலைப் படகுக்கு முன் புதியதை நானே போட முடியுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுழியோடுகிறவருக்கு ரேடியோ வகை ட்ரான்ஸ்மிற்றரே பொருத்தம். அதிலும் சிஆர்123ஏ அல்லது சிஆர்2 என்ற லிதியம் பற்றரி போட்டு, மூடியை நாமே கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை வாங்கிய பிறகும், சிலிண்டர் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பழைய கேஜைக் கழற்றக்கூடாது. பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சுவிடும் அளவுக்குக் குறைக்கும் றெகுலேற்றரின் முதற்கட்டத்தில், அதாவது சிலிண்டரில் பூட்டும் பகுதியில், உயரழுத்தத் துளை ஒன்றில் பெருவிரல் பருமனான துண்டு ஒன்றைத் திருகுகிறோம். அது சில விநாடிகளுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்து கையிலுள்ள டைவ் கொம்பியூட்டருக்கு, அதாவது அந்தக் கடிகாரத்துக்கு, அனுப்புகிறது. புளூடூத் போன்ற உயர்ந்த அலைவரிசை கடல்நீரில் சில சென்ரிமீற்றருக்குள் செத்துவிடும். அதனால் ரேடியோ வகைகள் 38 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. எட்டும் தூரம் ஒரு மீற்றர், கொஞ்சம் கூடினால் ஒன்றரை. தோளிலிருந்து மணிக்கட்டுக்கு அது போதும். ஒலியால் அனுப்பும் வகை ஒன்றும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

இனி மணிக்கணக்கு. இங்கேதான் பலரும் பிழையாகக் கணக்குப் போடுகிறார்கள். பெட்டியில் 300 மணி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு இறக்கம் முக்கால் மணி, நாளுக்கு இரண்டு இறக்கம், ஆகவே நாளுக்கு ஒன்றரை மணி என்று கணக்குப் போட்டு, ஒரு பற்றரி 200 நாள் வரும், சீசன் முடிந்தும் மிஞ்சும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நாம் தண்ணீருக்குள் இருக்கிறோமா, படகில் இருக்கிறோமா என்பதை இந்த வகைக் கருவி பார்ப்பதில்லை. அதற்கு ஆளி (சுவிட்ச்) இல்லை. சில பார் (அழுத்த அலகு) ஏறியதும் விழித்துக்கொள்ளும், அழுத்தம் முழுதாக இறங்கி ஓரிரு நிமிடம் போனபின்தான் உறங்கும். அழுத்தம் ஏறியிருக்கும் நேரம் முழுவதும் அது அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உப்புவெளிக் கரையில் ஒரு காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஏழு மணிக்கு செற் கட்டுகிறோம், அதாவது சிலிண்டரில் றெகுலேற்றரைப் பூட்டுகிறோம். வால்வைத் திறந்து, கசிவு இல்லை என்று பார்த்து, அப்படியே திறந்தபடி படகில் ஏற்றுகிறோம். ஆட்கள் வந்து சேர எட்டு மணி. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்குப் போய் இறங்க எட்டரை. முதல் இறக்கம், தேநீர், சிலிண்டர் மாற்றல், இரண்டாவது சிலிண்டரையும் உடனே திறந்து வைத்தல், மறுபடி இறக்கம். கரைக்கு வர பதினொன்று. தண்ணீருக்குள் இருந்தது ஒன்றரை மணி, ட்ரான்ஸ்மிற்றர் வேலை செய்தது நான்கு மணி. 300ஐ நான்கால் பிரித்தால் 75 நாள். மே முதலாம் திகதி தொடங்கி ஒரு நாளும் விடாமல் இறங்குபவருக்கு ஜூலை நடுவில் பற்றரி முடிந்துவிடும். ஓகஸ்ட் விடுமுறைக் கூட்டம் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும்.

இதே ஆள் இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னர் வால்வைத் திறந்து, ஏறியதும் பூட்டிக் காற்றை வெளியேற்றினால் நாளுக்கு இரண்டு மணிதான் செலவாகும். 150 நாள், அதாவது செப்டெம்பர் கடைசி. ஒரே பற்றரியில் சீசன் முழுவதையும் ஓட்டிவிடலாம். இரண்டு கம்பனிகளின் மணிக்கணக்குக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைவிட, வால்வைத் திறக்கும் பழக்கத்தால் வரும் வித்தியாசம் பெரியது.

வால்வைப் பூட்டுவது மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூட்டியபின் குழாய்க்குள் அடைபட்ட காற்று அப்படியே 150, 180 பாரில் நிற்கும். பற்றரிக்கு அது திறந்த வால்வு மாதிரியேதான். வாயில் வைக்கும் இரண்டாம் கட்டத்தின் பட்டனை அழுத்திப் பிடித்து, சீறல் அடங்கி, கேஜ் முள் பூச்சியத்தில் விழும்வரை விடக்கூடாது. கொம்பியூட்டர் திரையில் அழுத்தம் மறைந்து கோடுகள் வந்ததா என்றும் பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை. பொடியன்மார் அவசரத்தில் செற்றை அப்படியே கூடையில் அடுக்கிவிட்டால், சாப்பாட்டு நேரம் முழுவதும் அது யாருக்கும் இல்லாத செய்தியை அனுப்பிக்கொண்டே கிடக்கும்.

விடுமுறைக்கு வந்து பத்துப் பதினைந்து இறக்கம் செய்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கணக்கு எதுவும் முக்கியமில்லை. அவருடைய பற்றரி ஓடி முடிவதில்லை, வயதாகித்தான் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை, பயணத்துக்கு முன் புதியதைப் போட்டுக்கொண்டு வந்தால் சரி.

பற்றரி வகைகளுக்கு வருவோம். ட்ரான்ஸ்மிற்றர்களில் பெரும்பாலும் காணும் அளவுகள் மூன்று. சிஆர்123ஏ 17 மில்லிமீற்றர் விட்டமும் 34.5 மில்லிமீற்றர் நீளமும் உள்ளது, 3 வோல்ற், கொள்ளளவு ஏறத்தாழ 1500 மில்லியம்பியர் மணி. சிஆர்2 அதைவிடச் சிறியது, அதுவும் 3 வோல்ற், 850 அளவில் கொள்ளளவு. மூன்றாவது அரை ஏஏ, பெயருக்கு ஏற்றபடி சாதாரண பேனாப் பற்றரியின் பாதி நீளம்.

கொள்ளளவு இரட்டிப்பு என்றால் ஆயுளும் இரட்டிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது, எவ்வளவு பலமாக அனுப்புகிறது என்பதைப் பொறுத்துச் சிறிய பற்றரிக் கருவி பெரியதை முந்திவிடலாம். சிஆர்123ஏயை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. அந்தப் பற்றரிக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. பழைய பிலிம் கமரா, பலமான ரோர்ச், வீட்டுப் பாதுகாப்பு அலாரம் எல்லாவற்றிலும் அது போகிறது. அதனால் கொழும்பில் தேடினால் கிடைக்கும், திருகோணமலை நகரிலும் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். சிஆர்2 அடுத்தபடி. அரை ஏஏ கடையில் தொங்கும் சாமான் அல்ல.

அரை ஏஏ விஷயத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. அந்த ஒரே உருவத்தில் இரண்டு வேறு பற்றரிகள் விற்கிறார்கள். ஒன்று லிதியம் மங்கனீஸ் டயொக்சைட், 3 வோல்ற். மற்றது லிதியம் தயோனைல் குளோரைட், 3.6 வோல்ற். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, உறையில் உள்ள எழுத்தை வாசிக்க வேண்டும். ஒன்றுக்காகச் செய்த கருவியில் மற்றதைப் போட்டால் பற்றரி அளவு பிழையாகக் காட்டும், சில வேளை கருவியே கெடும். கைந்நூலில் எது எழுதியிருக்கிறதோ அதுவேதான்.

தயோனைல் குளோரைட் வகைக்கு இன்னொரு குணம். மாதக்கணக்கில் வேலை இல்லாமல் கிடந்தால் உள்ளே மெல்லிய படலம் ஒன்று படிந்துவிடும். முதன்முதலில் மின்சாரம் இழுக்கும்போது வோல்ற் சற்று நேரம் விழுந்து, பிறகு எழும். ஐப்பசி முதல் பங்குனி வரை வாடைக்காற்றில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சீசனின் முதல் நாள் புதுப் பற்றரியையே 'முடிந்துவிட்டது' என்று கொம்பியூட்டர் காட்டினால் உடனே தூக்கி எறிய வேண்டாம். கரையிலேயே செற்றைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

சார்ஜ் செய்யும் பற்றரி போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிஆர்123ஏயின் அதே உடம்பில் லிதியம் அயன் பற்றரி விற்கிறது, மலிவாகவும் தெரியும். முழுதாக ஏற்றினால் அது 4.2 வோல்ற். 3 வோல்ற்றுக்குச் செய்த கருவிக்குள் அதைப் போடுவதை, கைந்நூல் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சில நூறு ரூபா மிச்சம் பிடிக்கப் போய், பல நூறு டொலர் கருவியைப் பணயம் வைக்கிற வேலை அது.

3 வோல்ற் லிதியம் பற்றரிகளின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றுதான்: கடைசிவரை வோல்ற் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். குப்பி விளக்கில் எண்ணெய் குறைவதுபோலக் கண்ணுக்குத் தெரிந்து மங்குவதில்லை. அதனால் கொம்பியூட்டரில் பற்றரி எச்சரிக்கை வருகிறது என்றால் ஆயுளின் வால் பகுதிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். எச்சரிக்கை வந்த அன்றைய இறக்கத்தை கேஜைப் பார்த்து முடித்து, பின்னேரமே மாற்றிவிட வேண்டும். இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். எங்கள் கடலில் ஒரு நன்மை இருக்கிறது. சீசனில் தண்ணீர் 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாக இருப்பதால், குளிர்நாட்டுச் சுழியோடிகளைப்போல் குளிரால் பற்றரி சோர்ந்துபோவதை நாங்கள் காண்பதில்லை.

ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் எல்லாவற்றுக்கும் பற்றரியையே குறை சொல்லக்கூடாது. கமரா பிளாஷ் வெடிக்கும் நேரம் மட்டும் விடுகிறதா? கொம்பியூட்டர் கட்டிய கையை நீட்டும்போது மட்டும் விடுகிறதா? அப்படியானால் இடைஞ்சலோ தூரமோதான் காரணம். ட்ரான்ஸ்மிற்றரைக் கொம்பியூட்டர் கட்டும் கைப்பக்கத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். கரையில் கொம்பியூட்டரைப் பக்கத்தில் பிடித்தும் வரவில்லை என்றால்தான் பற்றரியைச் சந்தேகிக்கலாம்.

ஒலி வகைக்கு வருகிறேன். கார்மின் 2020 இல் இதைக் கொண்டுவந்தபோது சுழியோடிகளிடையே பெரிய பேச்சாக இருந்தது. ரேடியோவுக்குப் பதில் ஒலி. ஒலி தண்ணீரில் நன்றாகப் போகும் என்பதால் எட்டும் தூரம் ஒரு மீற்றரிலிருந்து பத்து மீற்றருக்குப் போகிறது. இதனால் ஒரு வழிகாட்டி தன் கடிகாரத்தில் கூட வருபவர்களின் சிலிண்டரையும் பார்க்கலாம். புதியவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிப்போகிற பயிற்றுநருக்கு இது உண்மையாகவே பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பதற்றத்தில் காற்றை இழுத்துத் தள்ளும் ஆளை அவர் கை காட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு ஒலியைத் தள்ள மின்சாரம் வேண்டும். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு ட்ரான்ஸ்மிற்றர் என்றால் மாற்றவேண்டிய பற்றரியும் அத்தனை, கசியக்கூடிய மூடியும் அத்தனை. புறாமலைப் பவளப் பாறைகளுக்கு மேல் எட்டு, பத்து மீற்றரில் நீந்தும் குழு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், கையால் கேட்டு விரலால் பதில் வாங்கலாம். பயிற்சி நிலையம் நடத்துபவர் ஒலி வகையைப் பார்க்கட்டும். தனக்கு மட்டும் வாங்குகிறவருக்கு அது தேவையில்லை.

பாவித்த சாமான் மலிவாக வருகிறது என்றால் முதலில் மூடியைப் பாருங்கள். பழைய வகைகளில் பற்றரியை நாம் மாற்ற முடியாதபடி அடைத்துச் செய்தவை இருக்கின்றன. பற்றரி முடிந்தால் கருவியை வெளிநாட்டுச் சேவை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். போக ஒரு செலவு, வர ஒரு செலவு, சுங்கம் தனி, அதற்குள் சீசன் முடிந்துவிடும். காசு நாணயம் போட்டுத் திருகக்கூடிய மூடி இல்லை என்றால் விலை என்னவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் கொம்பியூட்டரோடு அது பேசுமா என்பதையும் கையில் வைத்துச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். ரேடியோ வகை என்றாலே எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்றில்லை.

அடுத்தது பற்றரியே இல்லாத தெரிவு: குழாயில் தொங்கும் கேஜ். இதை ட்ரான்ஸ்மிற்றருக்குப் போட்டியாக நான் பார்க்கவில்லை, துணையாகத்தான் பார்க்கிறேன். அதற்கு ஒரு கணக்கு. கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடும் ஒருவர், சாதாரண அலுமினியச் சிலிண்டரோடு, அதாவது ஏறத்தாழ 11 லீற்றரோடு, புறாமலையில் 8 மீற்றரில் இருக்கிறார். சுற்றியுள்ள அழுத்தம் 1.8 பார். நிமிடத்துக்கு 36 லீற்றர் செலவு, கேஜில் 3 பாருக்குச் சற்று மேல் இறங்கும். இரண்டு நிமிடம் சிக்னல் போனாலும் ஒன்றும் ஆகாது. எழும்பி வந்தால் கடல்மட்டம் தலைக்கு மேலேதான்.

அதே ஆள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்குகிறார் என்று வையுங்கள். 1942 ஏப்ரல் 8 இரவு திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு மறுநாள் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட அந்த விமானந்தாங்கி 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 53 மீற்றரில் அழுத்தம் 6.3 பார். நிமிடத்துக்கு 126 லீற்றர். கேஜ் முள் நிமிடத்துக்கு 11 பாருக்கு மேல் இறங்கும். பற்றரி போய், திரையில் கோடுகள் வந்து, ஏன் என்று யோசித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் 23 பார் போய்விட்டது, படிப்படியாக ஏறவேண்டிய நேரம் வேறு கூடிக்கொண்டு போகிறது. அங்கே ஒற்றை ட்ரான்ஸ்மிற்றரை நம்பி ஒருவர் இறங்குகிறார் என்றால் நான் அவரைப் படகில் ஏற்றமாட்டேன். கேஜ் இருந்தால் பற்றரி முடிவது ஒரு எரிச்சல். கேஜ் இல்லாவிட்டால் அது ஆபத்து.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சங்கு, கடலட்டைக்கு இறங்கும் எங்கள் தொழிலாளிகள் பலர் நாளுக்கு மூன்று நான்கு சிலிண்டர் முடிக்கிறார்கள், கொம்பியூட்டர் இல்லாமல். அவர்களில் ஒருவர் காசு சேர்த்து ட்ரான்ஸ்மிற்றர் வாங்கலாமா என்று கேட்டால், அண்ணை, வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசுக்கு ஆழமும் நேரமும் காட்டும் சாதாரண டைவ் கொம்பியூட்டர் ஒன்றும் நல்ல கேஜ் ஒன்றும் வாங்கலாம். சுழியோடிகளை முடக்கும் அழுத்த நோய் வருவது காற்று முடிந்து அவசரமாக ஏறுவதால் மட்டுமல்ல, ஆழத்தில் கிடந்த நேரத்தாலும் அடிக்கடி ஏறி இறங்குவதாலும்தான்.

பற்றரி மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் கருவி செத்துப்போவது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். கடற்கரைக் கொட்டிலில், காற்றில் மணல் பறக்கும்போது செய்யக்கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, மூடியின் இடுக்கில் தங்கிய துளியும் காயும்வரை விட்டு, வீட்டுக்குள் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறவுங்கள். மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறந்தால், மிஞ்சியிருக்கும் துளி உள்ளே போகாது. பற்றரியோடு றப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். பழைய வளையத்தை நகத்தாலோ கத்தி முனையாலோ கிளப்பாமல், விரலால் அழுத்தி மேலெழுப்பி எடுங்கள். பள்ளத்தைத் துடைத்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணியிலிருந்து வந்த ஒரு நூல், ஒரு தலைமயிர், ஒரு உப்புமணி போதும் தண்ணீர் புகுவதற்கு. சிலிக்கோன் கிறீஸ் வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும். கைக்கெட்டியது என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டாம். மூடியை நாணயத்தால் திருகும்போது இறுக்கம் வந்ததும் நிறுத்துங்கள். வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது, உங்கள் கைப்பலம் அல்ல. கடைசியாக ஒரு துண்டு ரேப்பில் மாதத்தையும் வருடத்தையும் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

வாடை தொடங்கிச் செற்றைக் கட்டி வைக்கும்போது பற்றரியைக் கழற்றி வைப்பது நல்லது. லிதியம் பற்றரி சும்மா இருந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் இழக்கும். ஆனால் தகரக் கூரைக் கொட்டிலின் வெக்கையில் அந்த இழப்பு கூடும், உப்புக்காற்றில் கருவிக்குள் தொடுமுனைகள் பச்சை பிடிக்கும். கழற்றிய பற்றரிகளைச் சில்லறைக் காசோடு ஒரே டப்பாவில் போடாமல், முனைகளில் ரேப் ஒட்டித் தனித்தனியாக வையுங்கள். தொழில் செய்பவர் சித்திரையில் புதியதைப் போட்டுத் தொடங்கட்டும், பாதி ஓடிய பழையது ரோர்ச்சுக்கு உதவும்.

கையிருப்பாக இரண்டு போதும், இரண்டு வளையத்தோடு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆட்கள் வரும்போது சொல்லிவிட்டால் உறை பிரிக்காமல் கொண்டுவருவார்கள். உதிரி லிதியம் பற்றரியைக் கைப்பொதியில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டிக்குள் போட்டு ஏற்றக்கூடாது என்பது விமான விதி. அதை அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.